லண்டன் மருமகளின் இங்கிலிஷ்

கையில் மஞ்சள் பூசிய தேங்காயோடு நின்றுகொண்டிருந்தேன். மற்றக் கையில் கத்தி. அச்சுவேலியில் எங்கள் வீட்டுக் கிணற்றடி. காலை வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. சட்டிப் பாலுக்குள் அறுகம்புல் மிதந்தது. லண்டனிலிருந்து வந்த என் மருமகள் ஆரபி, தாயின் பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி பலகையில் இருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

தலைக்கு மேலே ட்ரோன் கமரா ஒன்று பெரிய வண்டுபோல இரைந்துகொண்டு நின்றது. வாழை இலைகள் அதன் காற்றில் படபடத்தன.

"தம்பி, உடையன். நல்லநேரம் போகப்போகுது," என்றார் ஆரபியின் தாய், என் அக்கா வதனி.

நான் உடைக்கவில்லை.

"என்ன, தேங்காய்க்குச் சாத்திரம் பாக்கிறாரோ?" என்று பின்னுக்கு நின்ற யாரோ கேட்க, சனம் சிரித்தது.

"அக்கா, முதல் பிள்ளையை ஒருக்காக் கேள்," என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தச் சிறுவர் பக்கத்தை வாசிக்கும் பிள்ளைகளே, இந்த வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்து பெரியபிள்ளையானால் எங்கள் பக்கத்தில் சாமத்தியவீடு செய்து தண்ணீர் வார்ப்போம். அதைத் தொடக்கி வைக்க வேண்டியவர் தாயின் சகோதரன். மாமன் தேங்காய் உடைத்து, பாலையும் அறுகையும் தலையில் வைத்து, முதல் செம்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் ஊற்றலாம். மாமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் சடங்கும் நிற்கும்.

அன்று நான் நின்றேன். ஏன் என்று சொல்வதற்கு, ஆரபி பேசும் இங்கிலிஷைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

வந்திறங்கிய சொற்கள்

பள்ளிக்கூட விடுமுறைக்கு அக்காவும் ஆரபியும் வந்து இறங்கிய அன்று, நான் என் ஓட்டோவைத் துடைத்துப் பூ வைத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்த வான் அவர்களை அங்கேதான் இறக்கியது. ஆரபியைக் கைக்குழந்தையாகப் படத்தில் பார்த்திருக்கிறேன். வளர்ந்த பிள்ளையாகத் தொலைபேசித் திரையில் பார்த்திருக்கிறேன். நேரில் அன்றுதான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் தயார்படுத்திக்கொண்டுதான் போனேன். "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டேன். எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் உண்டு. "நான் நலம், நன்றி, நீங்கள் எப்படி?" என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்கும். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

"யா, ஐம் குட்," என்றாள் ஆரபி. அவ்வளவுதான். நான் அடுத்த வரிக்காகக் காத்து நின்றேன். அது வரவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் முகத்தைக் கையால் விசிறிக்கொண்டு, "ப்ரோ, இட்ஸ் பேயர் ஹொட்," என்றாள்.

ஹொட் விளங்கியது. பேயர் விளங்கவில்லை. ப்ரோ யார் என்று திரும்பிப் பார்த்தேன். ஓட்டோவில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

வீட்டில் என் மனைவி சாந்தி இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். "மாமாவைப் பாத்து ப்ரோவோ? அங்கை உதைத்தான் படிப்பிக்கிறவையோ, மச்சாள்?"

அக்கா சிரித்தார். "உது இப்பத்தைய பிள்ளையளின்ரை பாஷை, சாந்தி. தேப்பனையும் ப்ரோ எண்டுதான் கூப்பிடுவாள். என்னையும் அப்பிடித்தான். நீங்கள் காதிலை விழுத்தாதேங்கோ."

காதில் விழுத்த வேண்டாம் என்ற அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. ஒரு பிள்ளை மூன்று கிழமை எங்கள் வீட்டில் இருக்கப் போகிறாள். அவள் பேசுவது காதில் விழாமல் நான் அவளுக்கு எப்படி மாமாவாக இருப்பது? அன்றைக்கே முடிவெடுத்தேன். இவள் திரும்பிப் போவதற்குள் இவளுடைய இங்கிலிஷை நான் பிடித்துவிட வேண்டும்.

என் மகள் துளசிக்கு ஆரபியைவிட இரண்டு வயது கூட. அவளைத்தான் முதலில் பிடித்தேன்.

"பேயர் எண்டால் என்னடி?"

"எனக்கும் தெரியாதப்பா. நான் ஃபோனிலை பாக்கிறது அமெரிக்கப் பிள்ளையளின்ரை கதை. இவள் கதைக்கிறது லண்டன் தெருவிலை கதைக்கிறது. அது வேறை, இது வேறை."

எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. ஒரே இங்கிலிஷ், ஒரே வயதுப் பிள்ளைகள், அதற்குள்ளும் கரை வேறு வேறு. கரையோரத்து மயிலிட்டிக் கதையும் வயல்பக்கத்துச் சண்டிலிப்பாய்க் கதையும் ஒன்றா என்ன?

ஓட்டோவில் நடந்த வகுப்பு

ஆகவே ஆரபியிடமே கேட்டேன். சாமத்தியவீட்டு அலுவலாகத் தையல்காரரிடம், கேக் கடைக்கு, மண்டபம் பார்க்க என்று நாளும் ஓடித் திரிந்தோம். அக்கா முன்னாலே சொந்தக்காரர் ஒருவரின் காரில் போவார். பிள்ளைகள் இரண்டும் என் ஓட்டோவில்.

பேயர் என்றால் "நல்லாய்", அதாவது மிகவும், நிறைய என்று அர்த்தமாம். நல்ல வெயில், நல்ல சனம் என்று நாங்கள் சொல்வதைப்போல.

ஒருநாள் ஓட்டோவின் சில்லுக் காற்றுப் போய்விட்டது. நடு வெயிலில் இறங்கி நின்றோம். "தட்ஸ் பீக், மாமா," என்றாள். பீக் என்றால் மலை உச்சி என்று பூமிசாத்திரத்தில் படித்திருக்கிறேன். இங்கே ஒரு மேடுகூட இல்லையே என்று சுற்றிப் பார்த்தேன். கெட்டகாலத்துக்குச் சொல்வதாம்.

"உச்சி எப்பிடிப் பிள்ளை கூடாத சாமானாகும்?"

"ஐ டோன்ற் நோ, மாமா. அது அப்பிடித்தான்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. எங்கள் இங்கிலிஷ் ஆசிரியரும் இதைத்தான் சொல்வார், ஆனால் கையில் தடி இருக்கும்.

தையல்காரரிடம் சட்டை அளவுக்கு மறுபடியும் மறுபடியும் போக வேண்டி வந்தபோது, "லோங்," என்றாள். அலுப்பான வேலைக்கு அந்தச் சொல். துளசி சொன்ன பகிடிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐம் டெட்," என்றாள். செத்துப்போனேன் என்று சிரிப்பதற்குச் சொல்கிறார்கள். இறங்கும்போது, "சேஃப், மாமா," என்பாள். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று எனக்கு அறிவிக்கிறாள் என நினைத்து, "ஓம் பிள்ளை, எல்லாம் பாதுகாப்பு," என்று சில நாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றி சொல்கிறாளாம்.

நான் சொற்களை எழுதிவைக்கவில்லை. ஓட்டோத் தரிப்பிடத்தில் நிற்கும் ஆட்களில் பாவித்துப் பார்த்தேன். வாடகைக்கு ஆள் கிடைக்காமல் குந்தியிருந்தவரிடம், "என்ன அண்ணை, இண்டைக்குப் பீக்கோ?" என்றேன்.

"உனக்கென்ன ஐசே விசரோ?" என்றார் அவர். "மருமகள் வந்தாப்போலை இவர் வெள்ளைக்காரனாகிட்டார். ஓட்டோவுக்கும் லண்டன் நம்பர் போடன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்ன "ஐசே" என்ற சொல் என் மண்டைக்குள் நின்றுவிட்டது.

ஐசே

என் தகப்பன், நாங்கள் ஐயா என்று கூப்பிட்டவர், மயிலிட்டியில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். கையெழுத்து வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அவர் வாயில் ஐசே வராத நாள் இல்லை. "ஐசே, வலையைப் பிடியும்." "ஐசே, இஞ்சாலை வாரும்." அது "நான் சொல்கிறேன்" என்ற இங்கிலிஷ் வார்த்தைகள் என்று அவருக்குத் தெரியாது. ஏதோ ஒரு காலத்தில் கோட்டுப் போட்டவர்கள் தங்களுக்குள் பேசிய நாகரிகச் சொல் கந்தோர் மேசைகளிலிருந்து தெருவுக்கு இறங்கி, சந்தைக்குப் போய், கடைசியில் கடலுக்கும் போய்விட்டது. இன்று வெள்ளைக்காரர் அதைச் சொல்வதில்லை என்று அக்கா சொல்கிறார். நாங்கள் சொல்கிறோம்.

அப்படிப் பார்த்தால் எங்கள் வீடு முழுக்க வந்தேறிய சொற்கள்தான். குசினி, கதிரை, அலுமாரி, சப்பாத்து. போர்த்துக்கேயர் போய்விட்டார்கள், கதிரையில் நாங்கள் இருக்கிறோம். முதன்முதல் ஒரு பிள்ளை சமையலறையைக் "குசினி" என்று சொன்ன அன்று, "உதென்ன கதை" என்று யாராவது அதட்டியிருப்பார்கள். அந்தப் பிள்ளை கேட்கவில்லை போலிருக்கிறது.

சொல்லுக்கும் வயது உண்டு. அக்கா லண்டனுக்குப் போன புதிதில் அங்கே இளசுகள் நல்ல சாமானை "விக்கட்" என்று சொன்னார்களாம். அக்கா ஆசையோடு அதைப் பிடித்துக்கொண்டார். இப்போதும் நல்ல கறி ஒன்று வாயில் வைத்தால் "விக்கட்" என்பார். ஆரபி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். "அம்மா, ப்ளீஸ். கிறிஞ்ச்."

கிறிஞ்ச் என்பது பார்க்கிறவருக்கே கூச்சமாக இருப்பதற்குச் சொல்வது. இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நாங்கள் படித்த இங்கிலிஷ்

என் இங்கிலிஷ் எங்கே வளர்ந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். போரில் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து ஊர் ஊராகத் திரிந்த காலத்தில்தான்.

ஷெல், பங்கர், பாஸ், கேர்ஃபியூ, ரவுண்டப். இதற்கெல்லாம் எங்களுக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை. என் தாய்க்கு ஏ, பி, சி தெரியாது. ஆனால் விடியற்காலை நாய்கள் குரைக்கும்போது "ரவுண்டப்" என்று ஒரு சொல் சொல்லி எங்களை எழுப்புவா. ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

போன வருடம் ஏதோ கதையில் இந்தச் சொல் வர, என் மகன் நிலவன் கேட்டான்.

"ரவுண்டப் எண்டால் கணக்கு எல்லோ, அப்பா? கிட்டிய பத்துக்கு ஆக்கிறது."

ஓம் என்று சொன்னேன். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு சொல் அப்படி மாறிப் போனால் நான் அழமாட்டேன்.

சாகும் பிள்ளை

இப்போது சாமத்தியவீட்டுக்கு வருகிறேன்.

வீட்டில் தண்ணீர் வார்த்த பிறகு மண்டபத்தில் பெரிய விழா. அக்காவின் திட்டத்தில் குதிரை பூட்டிய தேர் இருந்தது. சேலை மாற்றி மாற்றி வந்து இருக்க வேண்டும். வானத்திலிருந்து ட்ரோன் பூப் போடும். கிணற்றடி தொடக்கம் எல்லாவற்றையும் கமரா பிடித்து, உடனுக்குடன் உலகம் முழுவதும் உள்ள சொந்தக்காரருக்குக் காட்டும்.

இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஆரபி கதிரையில் சரிந்து, "ஐம் லிட்டரலி டையிங்," என்பாள். மெய்யாகவே சாகிறேன் என்று பொருள்.

"ஒரு நாளைக்கு நூறு தரம் சாகிறாள்," என்று அக்கா சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரிப்போம். சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது. ஐஸ்கிறீம் முடிந்துவிட்டது என்றாலும் அவள் லிட்டரலி டையிங்தான். நுளம்பு கடித்தாலும் அதுதான். கரண்ட் போனாலும் அதுதான்.

ஒருநாள் காலை ஆரபியையும் துளசியையும் மயிலிட்டிக்குக் கூட்டிப்போனேன், தாய் பிறந்த இடத்தைக் காட்டுவதற்கு. துறைமுகத்தில் படகுகள் வந்து நின்றன. வலையிலிருந்து மீனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். செதிலும் டீசலும் கலந்த மணம். துளசி மீன் விலை கேட்கப் போய்விட்டாள். ஆரபி அலை தடுக்கும் கல்லணையில் கடலைப் பார்த்து நின்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மாமா, ஐ டோன்ற் வோன்ற் திஸ்."

எனக்கு இது வேண்டாம். ஆறாம் வகுப்பு இங்கிலிஷ். நான் பாடுபட்டுப் பிடித்த சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. பேயர் இல்லை, லிட்டரலி இல்லை. இந்தப் பிள்ளை தன் சொற்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறாள் என்று தெரிந்தது.

"என்னம்மா வேண்டாம்? தண்ணி வாக்கிறதோ?"

அவளுடைய தமிழ் தட்டித் தடவித்தான் வரும். "தண்ணி ஓகே. வீட்டிலை, உங்களோடை, ஓகே. வீடியோ வேணாம். குதிரை வேணாம்."

மெல்ல மெல்லச் சொன்னாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் படிக்கும் இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்கும் இப்படி ஒரு விழா நடந்ததாம். பல்லக்கில் தூக்கிக்கொண்டு வரும் அந்த வீடியோ எப்படியோ வகுப்புப் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது. பாட்டுப் போட்டு, பகிடி எழுதி, பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றியதாம். அந்தப் பிள்ளை மத்தியானச் சாப்பாட்டைக் கழிப்பறைக்குள் இருந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"அம்மாட்டைச் சொன்னனியோ?"

"எவ்ரி டே."

"என்னெண்டு சொன்னனி?"

"கிறிஞ்ச் எண்டன். லோங் எண்டன். ஐம் டையிங் எண்டன்." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா லாஃப் பண்ணுறா. நீங்களும்தான்."

நானும்தான். ஆனால் அக்காவிடம் இதை நேரே சொல்லலாம் என்று தெரிந்தது.

அக்காவின் கதை

அன்று பின்னேரம் அக்காவிடம் பேசினேன். அவர் குசினியில் பலகாரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு விருப்பமில்லையாம், அக்கா."

"உனக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு எதுதான் விருப்பம்? நாளைக்குச் சோடிச்சு விட்டால் தானே செல்ஃபி எடுப்பாள்."

"அவள் பகிடியாச் சொல்லேல்லை. துறைமுகத்திலை நிண்டு வடிவாச் சொன்னவள்."

அக்கா கையை மாவிலிருந்து எடுக்கவில்லை. "தம்பி, நான் பெரியபிள்ளையானது எங்கை எண்டு உனக்கு ஞாபகமிருக்கோ?"

ஞாபகம் இருந்தது. இடம்பெயர்ந்து இருந்த பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில் ஆறேழு குடும்பம். அம்மா மூலையில் சேலை ஒன்றைக் கட்டி அக்காவை மறைத்து வைத்தா. எங்கள் மாமன் பாதை பூட்டியதால் வரவில்லை. தண்ணீருக்கே வரிசையில் நின்ற காலம். அம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தானே ஊற்றினா.

"அண்டைக்கு ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை," என்றார் அக்கா. "என்ரை பிள்ளையை முழு உலகமும் பாக்கட்டும். அது என்ரை ஆசை. அதிலை நீ கை வையாதை."

அக்காவின் ஆசை பொய்யில்லை. பிள்ளையின் பயமும் பொய்யில்லை. ஆனால் கமராவுக்கு முன்னால் போய் இருக்க வேண்டியது பிள்ளை. அதை நான் விடுவதாக இல்லை.

மறுபடியும் கிணற்றடி

"முதல் பிள்ளையை ஒருக்காக் கேள்," என்று நான் சொன்னதும் அக்காவின் முகம் சிவந்தது.

"இத்தனை சனத்துக்கு முன்னாலை என்னைக் கேவலப்படுத்தப் போறியோ?"

"இல்லை அக்கா. தண்ணி வாக்கத்தான் வந்தனான். கேட்டிட்டு வாக்கிறன்."

"நீ உடைக்காட்டி வேறை ஆளைக் கொண்டு உடைப்பிப்பன்."

அக்கா சுற்றிப் பார்த்தார். எங்கள் சித்தப்பாவின் மகன் ஒருவன் நின்றான். அவனும் முறைக்கு மாமன்தான். அக்காவின் கண் அவன்மேல் பட, அவன் மெல்லச் சாந்திக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டான். கூடப்பிறந்த மாமன் நிற்கும்போது அந்தத் தேங்காயை யாரும் கையால் வாங்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

சாந்தி என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னப்பா செய்யிறியள்? சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

பிறகு அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "உன்னை அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை, அக்கா. கேக்கிற காலமும் இல்லை அது. இவளைக் கேக்கலாம்தானே. நேரம் இருக்கு, தண்ணி இருக்கு, நாங்கள் எல்லாரும் இருக்கிறம்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எனக்குக் கன்னத்தில் அறை ஒன்று தருவார் என்றுதான் நினைத்தேன். அதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் திரும்பிப் பலகைக்கு முன்னால் குந்தினார். பட்டுச் சேலை ஈரத்தில் புரண்டது. மகளிடம் இங்கிலிஷில், என்ன வேண்டும் என்று கேட்டார்.

ஆரபி தமிழில் தொடங்கினாள். "அம்மா, எனக்கு..." என்றவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு அவளுடைய இங்கிலிஷ் வந்தது. வாய்க்கால் உடைத்ததுபோல வந்தது. ப்ரோ வந்தது, பேயர் வந்தது, கிறிஞ்ச் வந்தது, லிட்டரலி எத்தனை முறை என்று தெரியாது. பாதி எனக்கு எட்டவில்லை. கழிப்பறையில் இருந்து சாப்பிட்ட பிள்ளையின் கதை வந்தபோது மட்டும் விளங்கியது.

"தாயோடை கதைக்கிற கதையோ உது?" என்றார் உறவுக்காரப் பெண் ஒருவர். "மரியாதை இல்லாமல்."

அக்கா திரும்பாமலே கையை உயர்த்தினார். "அவள் கதைக்கட்டும், மாமி."

ஆரபி முடித்தாள். மூக்கைச் சேலையில் துடைத்தாள். அக்கா அவளிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். அவள் சொன்னாள். இன்னொன்று கேட்டார். அதையும் சொன்னாள். கனகாலம் ஒரு வீட்டில் இருந்த தாயும் மகளும் அப்போதுதான் சந்தித்ததுபோல எனக்குப் பட்டது. மேலே அந்த வண்டு இன்னும் இரைந்துகொண்டு நின்றது.

அக்கா எழும்பினார். கமராக்காரரைப் பார்த்தார். "அதை இறக்குங்கோ."

"இப்பவோ அக்கா? மண்டபத்துக்கு வேணுமெல்லே?"

"இப்ப. மண்டபத்துக்கும் வேண்டாம். சாப்பிட மட்டும் வாங்கோ. குதிரைக்காரருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

வண்டு தரையிறங்கி அடங்கியது. திடீரென்று காகம் கத்துவதும், அடுத்த வளவில் யாரோ தேங்காய்த் தும்பு அடிப்பதும் கேட்டது. அக்கா என் பக்கம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் என்னவோ பழைய குரல்தான்.

"இப்ப உடைப்பியோ, இல்லாட்டி இன்னும் ஏதும் பிரசங்கம் இருக்கோ?"

ஒரே வெட்டில் உடைத்தேன். பாலையும் அறுகையும் வைத்து முதல் செம்பை ஊற்றினேன். காலைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆரபி ஒரு சொல் சொன்னாள். அதன் அர்த்தத்தை நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததில் அது சின்னப்பிள்ளைகளின் பக்கத்தில் எழுதக்கூடிய சொல் இல்லை என்று விளங்கியது.

மண்டபத்தில் அன்று எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம். வெளிநாட்டுச் சொந்தக்காரர் சிலர், படம் வரவில்லையே என்று அக்காவோடு கோபித்தார்கள். சிலர் இன்னும் என்னோடு கோபம். இருக்கட்டும்.

பிள்ளைகளே, புதுச் சொற்களை நிறுத்தும்படி உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. எங்களுக்கு விளங்காவிட்டால் அதற்காக வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் இல்லை. விளங்கும்வரை கேட்பது பெரியவர்களின் வேலை. அதை நான் என் ஓட்டோவில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் செய்துகொண்டிருக்கிறேன். சிரிக்கிறார்கள், பிறகு சொல்லித் தருகிறார்கள்.

போன கிழமை லண்டனிலிருந்து அக்கா ஃபோன் எடுத்தார்.

"தம்பி, இவள் இப்ப ஒரு புதுச் சொல் சொல்லுறாள். எனக்குத் தலையும் விளங்கேல்லை, காலும் விளங்கேல்லை."

"என்ன எண்டு அவளைக் கேட்டனியோ?"

"கேட்டன்."

"பிறகு?"

"சொன்னவள். பேந்து எழும்பிப் போகேல்லை, தம்பி. பள்ளிக்கூடத்துக் கதை முழுக்கச் சொன்னவள். நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இருந்து கேட்டனான்."